ஏற்காட்டு மலையில் வனத்தொழில் பழகுதல்



தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் வெளியிடும் அறிவிக்கைகளில் 'வனத்தொழில் பழகுநர்' என்னும் பதவிப் பெயரை உங்களுள் சிலர் பார்த்திருக்கக்கூடும். பட்டம் பெற்றவர்கள் எழுதும் தேர்வு அது. அதில் தேறியவர்கள் பயிற்சி முடித்து வனச்சரக அலுவலர்களாகப் பொறுப்பேற்கின்றனர். ஒரு வனச்சரகம் என்பது குன்றுகளும் ஓடைகளும் ஊர்களும் அடங்கிய பெரும் பரப்பு. அத்துணைப் பெரிய பொறுப்பிற்குப் போகிறவரைத் தொடக்கத்தில் 'பழகுநர்' என்று அழைப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அலுவலர் என்ற சொல் நாற்காலியை நினைவூட்டுகிறது. பழகுநர் என்ற சொல் கையையும் காலையும் நினைவூட்டுகிறது.

கால் என்று நான் சொன்னது வெறும் பேச்சு அன்று. எழுத்துத் தேர்வில் வென்ற ஆண்கள் 25 கிலோமீட்டர் தொலைவை நான்கு மணி நேரத்திற்குள் நடந்து கடக்க வேண்டும். பெண்களுக்குத் தொலைவு சற்றுக் குறைவு. புத்தகத்தை மட்டுமே நம்பி வந்தவர்களுக்கு இந்த நடை ஒரு புதிய பாடமாகவே அமையும்.

இப்பயிற்சிக்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. சென்னை மாகாணத்தில் 1856-ஆம் ஆண்டில் ஹ்யூ கிளெகார்ன் என்னும் மருத்துவர் முதல் வனப் பாதுகாவலராக அமர்ந்தார். 1878-இல் டேராடூனில் வனப்பள்ளி தோன்றியது. தென்னாட்டுக்கெனக் கோயம்புத்தூரில் 1912-இல் வனக்கல்லூரி ஏற்பட்டது. அன்று முதல் வனப் பயிற்சி என்றாலே கோயம்புத்தூர் என்னும் பெயர் நிலைத்துவிட்டது. வனவர்களுக்கும் வனக் காப்பாளர்களுக்கும் வைகை அணையில் ஒரு பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. வரலாறு இவ்வளவில் நிற்க.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், வகுப்பெடுக்க விடுவதற்கு முன் எங்களைப் பல நாள் கடைசிப் பலகையில் உட்கார வைத்தார்கள். மூத்த ஆசிரியர் பாடம் நடத்துவதைப் பார்த்துக் குறித்துக்கொள்வதே எங்கள் வேலை. அவர் வயதிலும் படிப்பிலும் பதவியிலும் எங்களுக்கு மேலானவர். ஆதலின் அவரிடம் கற்பதில் எங்களுக்குக் கூச்சம் ஏதும் இல்லை. வனத்தில் நிலைமை வேறு. பழகுநருக்குக் காட்டைக் கற்பிக்கும் முதல் ஆசான் பெரும்பாலும் பதவியில் அவருக்குப் பல படி கீழே நிற்பவர். பத்தாம் வகுப்போடு நின்ற வனக்காவலராகவோ, அதுவும் எட்டாத ஒரு தற்காலிகக் காவலராகவோ அவர் இருப்பார். இன்று நான் உங்களிடம் சொல்ல வந்த செய்தி இந்த ஒன்றுதான். தமக்குக் கீழே நிற்பவரிடம் மாணவராக அமரத் தெரிந்தவருக்கே இத்தொழில் வசப்படும்.

சேர்வராயன் மலையையே எடுத்துக்கொள்வோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இது சேலத்தின் வடபுறத்தே நிற்கிறது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைகிறோம். ஏரியும் காடும் சேர்ந்து ஊர்ப்பெயர் ஆயிற்று என்பர். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஊர் இருக்கிறது. ஏறும் வழியிலேயே காடு மூன்று நான்கு முறை உடை மாற்றிக்கொள்ளும். கீழே முட்புதரும் இலையுதிர் மரங்களும், நடுவே மூங்கில், மேலே காப்பித் தோட்டங்களும் அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும், உச்சிப் பகுதிகளில் புல்வெளியும் எஞ்சிய சோலைத் துண்டுகளும். 1820 முதல் 1829 வரை சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர்தாம் காப்பியையும் பேரி முதலிய பழமரங்களையும் இங்குக் கொண்டுவந்தவர். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவின் மரம். பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே பசுமையாகத் தோன்றினும், எது இம்மலைக்குரியது, எது வந்தேறியது என்று பிரித்தறிவதுதான் பழகுநரின் முதல் எழுத்துப் பாடம். இம்மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா செவராயென்சிஸ் என்னும் அரிய சிறு மரமும் இங்கு உண்டு.

இம்மலையின் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டா. இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். இவர்களுள் மூத்தவர்கள் பலருக்கு ஒரு மரத்தை இலையால் மட்டுமன்றி, பட்டையின் மணத்தாலும் விறகு எரியும் புகையாலும் அடையாளம் காணத் தெரியும். தாவரவியல் நூலில் இலையும் பூவும் வரையப்பட்டிருக்கும். ஆனால் இலையுதிர்ந்து, பூவும் இல்லாத மாசி மாதத்தில் அந்த மரத்தை எப்படி இனங்காண்பது? அப்போதுதான் அம்முதியவர் தேவைப்படுகிறார்.

உண்ணிச்செடியை ஒழிக்கும் வேலையைப் பாருங்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுச்செடியாக வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் காடுகளுக்குள் புகுந்த செடி இது. மேலே வெட்டினால் முன்னிலும் அடர்ந்து தழைக்கும். நிலத்துக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் கூடுகின்ற இடத்திற்கு அடியில் ஆணிவேரை வெட்டித் தூரை வெளியே எடுத்து, மீண்டும் வேர் பிடிக்காதபடி தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். இதை ஒரு நிமிடத்தில் கரும்பலகையில் எழுதிவிடலாம். வெட்ட வேண்டிய இடத்தைக் கை அறிவதற்கோ சில நூறு செடிகள் வேண்டும். அதோடும் முடிவதில்லை. பறவைகள் இதன் பழத்தைத் தின்று எச்சமிடுவதால், அவை அமரும் மரங்களின் அடியில் அடுத்த மழைக்கே புதிய நாற்றுகள் தலைகாட்டும். எந்த மரத்தடியில் முதலில் தேட வேண்டும் என்பது காவலருக்குத் தெரியும்.

தீத்தடுப்பு இன்னும் நுட்பமானது. கோடைக்கு முன்னரே சருகையும் புல்லையும் நீக்கி, நீண்ட வெற்று நிலப்பட்டைகளை உண்டாக்குவர். அதற்குத் தீத்தடுப்புக் கோடு என்று பெயர். என்னிடம் படித்து வனத்துறைக்குச் சென்ற ஒருவர், தம் தொடக்க நாள் செய்தி ஒன்றைக் கூறினார். வரைபடத்தைப் பார்த்து, தொலைவு குறைவு என்பதற்காக ஒரு சரிவின் நடுவே கோட்டைக் குறித்தாராம். உடன் வந்த முதிய காவலர் மறுத்து ஒன்றும் பேசவில்லை. குனிந்து ஒரு பிடி சருகுத்தூளை அள்ளி மெல்லக் கைவிட்டார். நண்பகல் வெயிலில் அது சரிவின் மேல்நோக்கிப் பறந்தது. "இங்கே வெட்டினால் நெருப்புத் தாண்டிடுங்க ஐயா, முகட்டுக்குப் போயிடலாம்" என்றாராம். வெயிலில் சூடேறிய காற்று பகலில் மலைமேல் ஏறும், இரவில் கீழே இறங்கும் என்று நீங்கள் இயற்பியலில் படிக்கிறீர்கள். சரிவில் ஏறும் தீ, மேலுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திக்கொண்டு விரைந்து செல்லும். முகட்டை எட்டியதும் அதன் வேகம் தணியும். மாணவரும் இதையெல்லாம் படித்தவர்தாம். படித்ததை அந்தச் சரிவில் வைத்துப் பார்க்க அந்த ஒரு பிடித் தூள் வேண்டியிருந்தது.

நாற்றங்காலில் வேறு வகைப் பாடம். சந்தனம் இம்மலைப் பக்கத்துக் காடுகளின் பழைய செல்வம். சந்தன நாற்று தன் வேரை அடுத்த செடியின் வேரோடு இணைத்து உணவின் ஒரு பகுதியை அதனிடமிருந்து பெறும். ஆதலின் துவரை போன்ற துணைச்செடி ஒன்றை அதனருகில் வளர்ப்பர். களை என்று கருதி அதைப் பிடுங்கிவிட்டால் சந்தன நாற்றும் வாடும். தொழிற்சாலையில் பழகுநராகச் சேர்ந்தவர் தாம் கடைந்த உருப்படியை அன்று மாலையே அளந்து பார்க்கலாம். சந்தன நாற்றை நட்டவர் அதில் வைரம் பாய்வதைக் காணப் பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதற்குள் அவர் வேறு சரகத்திற்கு மாற்றப்பட்டிருப்பார்.

இங்கே ஒரு குறையையும் நான் சொல்லியாக வேண்டும். அலுவலர்கள் மாறுகின்றனர், மலை அறிந்த காவலர் அங்கேயே இருக்கிறார். எனினும் அவருள் பலர் நெடுங்காலம் தற்காலிகப் பணியிலேயே, சிறு ஊதியத்தில் காலம் கழிக்கின்றனர். அவர் ஓய்ந்தால் அவர் அறிந்தவையும் அவரோடு போய்விடும். எந்தப் பதிவேட்டிலும் அவை ஏறுவதில்லை. வனத்தொழிலுக்குச் செல்லும் உங்களுள் ஒருவர், நாட்குறிப்பில் அந்த மனிதர் சொன்ன மரப்பெயர்களை எழுதி, அருகில் அவர் பெயரையும் எழுதி வைப்பாராயின் அது சிறு தொண்டு ஆகாது. 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டத்தைப் படிக்கும் பழகுநர், காட்டில் தலைமுறைகளாக வாழ்வோரின் உரிமைகளை ஏற்ற 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தையும் அதே கவனத்தோடு படிக்க வேண்டும். முன்னது காவலின் மொழி பேசுகிறது. பின்னது அந்த மூத்தவர் யார் என்பதைச் சொல்கிறது.

இதில் நகரத்தாருக்கு என்ன என்று கேட்பீர்கள். சேலத்தின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு இம்மலையில் பிறந்து காவிரியைச் சேர்வது. நகரத்திற்குள் அதன் இன்றைய நிலையை நான் விளக்க வேண்டியதில்லை. மேலே சோலையும் புல்லும் மழைநீரைப் பிடித்து மெல்ல விடும்வரையில்தான் அதன் தலைப்பிலேனும் தெளிந்த நீர் இருக்கும்.

வனத்துறை ஒன்றே வழி என்று எண்ண வேண்டா. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் இருக்கிறது. ஆர்க்கிட் விதை தூசி போன்றது. தனக்கென உணவுச் சேமிப்பு இல்லாதது. இயற்கையில் ஒரு பூஞ்சையின் துணையின்றி அது முளைப்பதில்லை. பொறுமையுள்ள கைகளுக்கு அங்கே கற்க நிறைய உண்டு. வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் ஏற்காட்டிலேயே இருக்கிறது.

நேரில் காண விரும்புவோர் மே மாதத்துக் கோடை விழாக் கூட்டத்தில் போகாதீர்கள். தை பிறந்து பனி விலகும் நாட்களில், உங்கள் ஆசிரியர் வழியாக வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே இசைவு பெற்றுச் செல்லுங்கள். தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலை அப்போது நடந்துகொண்டிருக்கும். கெட்டியான காலணியும், ஒரு குறிப்பேடும், குடிக்க நீரும் போதும். முன்னே நடக்கும் காவலர் கையை உயர்த்தினால் உடனே நின்றுவிடுங்கள். பக்கத்துப் புதரில் காட்டுமாடு படுத்திருக்கலாம்.