பள்ளி, பட்டாளம், பட்டறை



நினைவுச் சொற்பொழிவு மேடைகளில் பெரும்பாலும் படைப்பாளிகள் பேசுவார்கள். இம்முறை முன்னாள் படைவீரர்களான எங்களை அழைத்திருக்கிறீர்கள். நாங்கள் வட ஆற்காட்டுச் சேரிகளில் பிறந்தவர்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் படித்து, பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி, சொந்தத் தொழில் தொடங்கியவர்கள். இந்த மூன்று இடங்களிலும் சாதி எங்களை எப்படி எதிர்கொண்டது என்பதைச் சொல்ல வந்திருக்கிறோம்.

பள்ளி எழுத்தைக் கொடுத்தது. விடுதி சோறு போட்டது. இரண்டும் இல்லையென்றால் எங்களில் பலர் பத்து வயதிலேயே தோல் தொழிற்சாலைக்குப் போயிருப்போம். ஆனால் மாற்றுச் சான்றிதழில் இருந்த பள்ளியின் பெயரே நாங்கள் யார் என்பதை ஊருக்குச் சொல்லிவிட்டது.

பட்டாளத்தில் ஒரே லங்கர், ஒரே பாரக். அங்கே சாதியே இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் அங்கே மேலே இருந்தவர் ரேங்கால் மேலே இருந்தார். அந்தச் சீருடையும் எளிதில் கிடைத்ததல்ல. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதார். இராணுவப் பள்ளியின் தலைமையாசிரியர். அப்படிப்பட்டவர்களை உருவாக்கிய மகர் மக்களுக்கே 1890களின் தொடக்கத்தில் வெள்ளை அரசு படையின் கதவை அடைத்தது. பிறகு போருக்கு ஆள் தேவைப்பட்டபோது, 1941இல் மகர் ரெஜிமென்ட் உருவானது. நம் தியாகி இம்மானுவேல் சேகரனும் படையில் இருந்து திரும்பியவர்தான். ஊரில் சமமாக நடக்கக் கேட்டதற்காக 1957இல் பரமக்குடியில் கொல்லப்பட்டார். சீருடையின் மதிப்பு ஊர் எல்லையோடு முடிந்துவிடுகிறது.

15 ஆண்டுப் பணி முடித்து, ஓய்வூதியத்தோடு முப்பத்தைந்து வயதில் ஊர் திரும்பினோம். என்ன தொழில் செய்வது? டீக்கடை வைத்தால் ஊர்த்தெருக்காரர் குடிக்க வரமாட்டார். அதனால் எங்களில் ஒருவர் சைக்கிள் கடை வைத்தார். ஒருவர் வெல்டிங் பட்டறை போட்டார். சிலர் ஆம்பூர்ப் பக்கம் ஷூ அப்பர் தைத்துக்கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்தோம். கை பட்டால் தீட்டு என்று யாரும் சொல்ல முடியாத தொழிலாகத் தேடியிருக்கிறோம் என்பது இப்போது எண்ணிப் பார்த்தால் புரிகிறது.

கொலம்பியாவில் பொருளாதாரம் படித்து வந்த அம்பேத்கர் பம்பாயில் பங்குச்சந்தை ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அவருக்கே அந்தக் கதி.

எங்களிடம் உழைப்பு இருந்தது, ஒழுங்கு இருந்தது, கணக்கும் தெரிந்தது. வங்கி கேட்டதோ அடமானம். பட்டா எங்கே? 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பஞ்சமி நிலம் வழங்க ஆணை வந்தது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படும் அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று பிறர் கையில். நிலமீட்பை விவசாயப் பிரச்சினையாகவே பேசிவருகிறோம். அது கடன் பிரச்சினையும்கூட. அன்று பறிபோன பட்டாதான் இன்று வங்கியில் நம்மிடம் இல்லாத ஜாமீன்.

2023இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு. வரவேற்கிறோம், இளைஞர்கள் விண்ணப்பியுங்கள். ஆனால் மானியம் இயந்திரம் வாங்கித் தரும். சரக்கைக் கடனுக்குக் கொடுக்கும் வியாபாரியையும், கடைத்தெருவில் இடம் கொடுக்கும் வீட்டுக்காரரையும் அது தராது. அந்த உறவுகள் சாதிக்குள்ளேயே சுற்றுகின்றன. அதனால்தான் நாம் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளராகவும் ஜாமீனாகவும் நிற்க வேண்டும். நிலமீட்பையும் கைவிடக் கூடாது.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். தலித் இலக்கியம் சேரியை எழுதியது, கூலியை எழுதியது. நம் அப்பாக்களின் கடைக் கணக்கு நோட்டுகளையும் எடுத்துப் படியுங்கள். யார் கடன் கொடுத்தார், யார் மறுத்தார், எந்த மாதம் கடை மூடியது என்று கேட்டு எழுதுங்கள். அதுவும் நம் வரலாறுதான்.

ஜெய்பீம்.