கடலடிச் சேற்றில் விஷம்: கிருமி செய்வதும் செய்யாததும்

(கீழவைப்பாரில் பேசியதன் சாரம்)



கடலில் எதைக் கொட்டினாலும் கடல் தாய் ஜீரணித்துவிடுவாள் என்று நம்மவர் வெகுகாலமாய் நம்பி வருகிறார்கள். இப்போது படித்தவர்களில் சிலர், அந்தத் தாயின் இடத்தில் பாக்டீரியா என்னும் கிருமியைக் கொண்டுவந்து வைத்து, "ஆலைக் கழிவின் விஷத்தை அது தின்றுவிடும், கவலை வேண்டாம்" என்கிறார்கள். முன்னது மூடநம்பிக்கையானால் பின்னது அதன் தம்பி என்றே சொல்லுவோம்.

கிருமியின் சக்தி பொய்யல்ல. பாதரசத்தைத் தாங்கி வாழும் கடல் பாக்டீரியாக்கள் காட்மியம், ஈயம் இவற்றின் விஷத்தையும் முறிக்கின்றன என்று கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் 2008-இல் வெளியிட்டார்கள். சில கிருமிகள் பாதரச உப்பை வெறும் பாதரசமாக்கி ஆவியாய் வெளியே விடுகின்றன. காற்றுப் புகாத கருஞ்சேற்றில் வாழும் வேறு சில, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயு ஈயம், காட்மியம், செம்பு, துத்தநாகம் இவற்றோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத பொருளாக்கிச் சேற்றிலேயே கட்டிவைக்கிறது.

ஆனால், யோசித்துப் பாருங்கள். உலோகம் அழிந்ததா? ஒருக்காலும் இல்லை. ஆவியானது ஆகாயத்தில் இருக்கிறது. கட்டுண்டது சேற்றில் இருக்கிறது. இழுவைமடியோ, துறைமுகத்தை ஆழமாக்கும் யந்திரமோ சேற்றைக் கலக்கினால், பிராணவாயு பட்டுக் கட்டு அவிழ்ந்து விஷம் மறுபடியும் கிளம்பக்கூடும். அதுமட்டுமா? ஈயத்தைக் கட்டுகிற அதே இனத்துக் கிருமிகளில் சில, பாதரசத்தை மெதில் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. அது மீனில் ஏறி மனிதன் மூளையைத் தாக்கும் விஷம். ஜப்பானில் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட கொடிய நோய்க்கு, ஓர் ஆலை கடலில் விட்ட அந்த விஷமே காரணம். அங்கே 1977 முதல் 1990 வரை சேற்றைத் தோண்டியும், கரையோரத்தை மண்ணிட்டு மூடியுமே குடாவைச் சீராக்க வேண்டியதாயிற்று.

தோழர்களே! இது உங்கள் வயிற்றுப் பிரச்சினை. சங்கு ஊர்வதும் மட்டி புதைந்திருப்பதும் கடலடியில்தான். தூத்துக்குடியில் நிலக்கரி எரிக்கும் மின்நிலையங்கள் இருக்கின்றன. நிலக்கரிச் சாம்பலில் ஈயமும் காட்மியமும் சிறிதளவேனும் உண்டு. ஆகவே நாம் செய்யவேண்டியவை மூன்று. முதலாவது, எந்த ஆலைக் கழிவும் கடலுக்கு வருமுன்பே தடுக்கப்படவேண்டும் என்று வற்புறுத்துவது. இரண்டாவது, கடலடிச் சேற்றையும் சங்குச் சதையையும் வருஷந்தோறும் சோதித்து, முடிவைத் தமிழில் ஊரறிய ஒட்டச் செய்வது. மூன்றாவது, கிருமி வைத்தியம் செய்ய யார் வந்தாலும் "உலோகம் எங்கே போகிறது?" என்று கேட்பது.

தீர்த்தத்தில் முழுகினால் பாவம் போகும் என்பவனிடம் "எங்கே போகும்?" என்று கேட்கிறோமல்லவா? அதே கேள்வியை விஞ்ஞானத்தின் பேரால் வருபவரிடமும் கேளுங்கள். உண்மை விஞ்ஞானி பதில் சொல்லுவார், மற்றவர் கோபித்துக்கொள்ளுவார். அதைக் கொண்டே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.