சளிப் பரிசோதனையும் ஒரு கேஷியர் கணக்கும்

(மார்ச் 24, உலகக் காசநோய் தினத்தை ஒட்டி நமது சங்கக் கூட்டத்தில் பேசியது)



நான் டாக்டர் இல்லை. பி.காம் படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். தெரிந்தது கணக்குதான். அதனால் காசநோயையும் கணக்காகவே பேசுகிறேன்.

2010-ல் என் மைத்துனருக்கு விடாத இருமல். தங்கச்சிமடத்திலிருந்து பஸ் ஏறிப் போய், தனியார் லேப் ஒன்றில் காசநோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்தார். நல்ல பணம் வாங்கினார்கள். "நோய் இல்லை" என்று ரிசல்ட். நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம். மூன்று மாதம் கழித்துச் சளியில் ரத்தம் வந்தது. அரசு மருத்துவமனையில் சளியைப் பார்த்தால் கிருமி இருக்கிறது. அதற்குள் அதே வீட்டில் இருந்த என் மாமியாருக்கும் ஒட்டிவிட்டது. மைத்துனர் குணமானார். மாமியார் பிழைக்கவில்லை.

அந்த வகை ரத்தப் பரிசோதனையை நம்பக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2011-ல் சொன்னது. 2012-ல் இந்திய அரசு தடையே செய்தது. எங்களுக்கு அது காலம் கடந்த செய்தி. இப்போதும் வேறு ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அது கிருமி உடம்புக்குள் எப்போதாவது புகுந்ததா என்று காட்டும். இருமுகிறவருக்கு இன்று நோய் இருக்கிறதா என்று அது முடிவு சொல்லாது.

கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தவன் இரண்டு தப்பு செய்யலாம். கள்ள நோட்டை நல்லது என்று வாங்கலாம். நல்ல நோட்டைக் கள்ள நோட்டு என்று தள்ளலாம். நோய்ப் பரிசோதனையும் அப்படித்தான். இரண்டில் எது எவ்வளவு நடக்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ராபர்ட் கோக் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது 1882 மார்ச் 24. அதன் பிறகு நூறு வருஷத்துக்கு மேலாக, சளியைச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் முக்கியமான வழி. செலவு மிகக் குறைவு. ஆனால் ஒரு மில்லி சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். அதனால் நோயுள்ள 100 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் தப்பிவிடுவார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர்தான் உரைகல். ஆனால் அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

2010 டிசம்பரில் ஜீன் எக்ஸ்பெர்ட் என்ற மிஷினை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அது கிருமியின் மரபணுவைத் தேடும். இரண்டு மணி நேரத்தில் ரிசல்ட். 100 பேரில் 85 பேர் வரை பிடித்துவிடும். முக்கியமான மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா, கேட்காதா என்றும் சொல்லும். கோவாவில் தயாராகும் ட்ரூநாட் பேட்டரியில் ஓடும். கரண்ட் நிற்கும் ஊருக்குத் தோது. 2020-ல் அதற்கும் பரிந்துரை கிடைத்தது. இதிலும் ஒரு குறை உண்டு: செத்த கிருமியையும் காட்டும். முன்பு சிகிச்சை எடுத்தவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

விலை? ஜீன் எக்ஸ்பெர்ட் கார்ட்ரிட்ஜ் ஒன்று ஏழை நாடுகளுக்கு 17 டாலருக்கு அருகில் இருந்தது. 2012-ல் 10 டாலருக்குள் வந்தது. 2023-ல் 8 டாலருக்கும் கீழே. சாயம் போட்டுப் பார்ப்பதை விட இது அதிகம்தான். ஆனால் கண்டுபிடிக்காமல் விட்ட ஒருவர், கூடப் பழகுகிற 5 முதல் 15 பேருக்கு ஒரு வருஷத்தில் கிருமியைக் கொடுக்கலாம் என்கிறார்கள். அதையும் பற்றில் எழுதினால் எது மலிவு?

நமக்கு அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாயும் உண்டு. ஆனால் கடலுக்குப் போகிறவருக்கு ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் பாடு போச்சு. இலவசத்துக்கும் ஒரு விலை உண்டு. அதனால்தான் தள்ளிப் போடுகிறார்கள்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைக் கொடுங்கள். எச்சில் கூடாது, காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து காறி எடுத்த சளி வேண்டும். எவ்வளவு நல்ல மிஷினும் எச்சிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டு, "இல்லை" என்று வந்தும் இருமல் நிற்கவில்லை என்றால் விடாதீர்கள். எக்ஸ்ரேயும் மறு பரிசோதனையும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மூன்று, நம் வாட்ச்மேனோ, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவோ இருமினால் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். சம்பளம் பிடிக்காமல் ஒரு நாள் லீவு கொடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வேலை போய்விடும் என்று பயந்தால் இருமலை மறைப்பார்கள். மறைத்த இருமல் நம் வீட்டுக்கும் வரும்.

அன்று எங்களுக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.