தலபுராணமும் தலப்படமும்

(நாவலூர்த் திருக்குட நன்னீராட்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



விமானத்தின்மேற் சொரிந்த நன்னீர்த் துளி தலைமேற் படும் பேற்றினைப் பெற்று அமர்ந்திருக்கின்றீர்கள். மடத்தில் தமிழும் சாத்திரமும் பயின்று, ஆண்டு பல ஆசிரியத் தொழில் புரிந்து ஓய்ந்த அடியேன், இன்று தலபுராணம் பற்றிப் பேசுவேன் என்றே நீங்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். தலபுராணத்தோடு வைத்துப் படிக்கத்தக்க மற்றொன்றும் உண்டு. அதனைத் தலப்படம் என்பர். ஊர், ஏரி, குளம், குன்று, சாலை, கோயில் ஆகியவற்றை அளந்து வரைந்த நில அளவைத் துறையின் படமே அது. அதனைக் குறித்துச் சில சொல்ல விழைகின்றேன்.

நாவலூர் என்றவுடன் அடியார்க்கு நினைவில் எழுபவர் சுந்தரமூர்த்தி நாயனார். அவர் திருவவதாரம் செய்த திருநாவலூர் திருமுனைப்பாடி நாட்டினது. நம் நாவலூரோ தொண்டை நாட்டிற் கடற்கரையை அடுத்துள்ளது. பெயர் ஒத்ததாயினும் ஊர் வேறு. ஆதலின், ஓர் ஊரைப் பெயரால் மட்டும் அறிதல் அமையாது. அஃது எங்குள்ளது, எவ்வூர்களுக்கு இடைப்பட்டது, எந்நீரின் கரையில் நிற்கின்றது என்பனவும் அறிதல் வேண்டும்.

நம் பெரியோர் இதனை அறியாதவர் அல்லர். அப்பர் பெருமான் அருளிய அடைவு திருத்தாண்டகம் தலங்களைப் பள்ளி, ஊர், காடு, வாயில், மலை, துறை என்றாற்போல அவற்றின் பெயர் முடிவினால் வகைப்படுத்தி நிறுத்துகின்றது. ஊர்ப்பெயரின் ஈற்றிலேயே அந்நிலத்தின் இயல்பு பெரும்பாலும் அடங்கியிருக்கும் என்பதற்கு நம் சுற்றுப்புறமே சான்று. படூர், தாழம்பூர், ஏகாட்டூர் என ஊர்கள் ஒருபால், சிறுசேரி, செம்மஞ்சேரி எனச் சேரிகள் ஒருபால், கேளம்பாக்கம், பெரும்பாக்கம் எனப் பாக்கங்கள் ஒருபால், கழிமுகத்தருகே முட்டுக்காடு. பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊர்க்குரிய பெயர் என்பதனைத் தமிழ் கற்றார் அறிவர். இவ்வூர்களைச் சூழ வடக்கே திருவான்மியூரும், தெற்கே திருப்போரூரும், தென்மேற்கே திருவிடைச்சுரமும் திருக்கழுக்குன்றமும் விளங்குகின்றன.

இனி, தலப்படம் தோன்றிய வரலாற்றினைச் சிறிது காண்போம். இந்திய நில அளவைத் துறை தோன்றியது 1767ஆம் ஆண்டில். அவ்வாண்டு தொடங்கி 1774 வரை பர்னார்டு என்னும் ஆங்கிலேயர் செங்கற்பட்டுச் சாகீர் நிலப்பரப்பினை அளந்தார். ஏறத்தாழ 2,000 ஊர்களின் வீடுகள், ஏரிகள், விளைநிலங்கள், கோயில்களுக்கும் ஊர்ப் பணியாளர்க்கும் உரிய மானியங்கள் ஆகியன அப்பொழுது கணக்கிடப்பெற்றன. அவ்வூர்க் கணக்குகளின் ஓலைச் சுவடிகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. அவற்றுள் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஈரூர்க் கணக்குகள் 2001இல் நூலாகவும் வெளிவந்தன. ஏரியைக் காப்பதற்கும் கோயிலைக் காப்பதற்கும் விளைச்சலில் முதற்கண்ணே பங்கு ஒதுக்கிய பின்னரே ஏனையோர் பங்கு கொண்ட முறைமையை அக்கணக்குகளிற் காணலாம்.

பின்னர் 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் இலாம்டன் என்பவர் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக் குன்றிற்கும் இடையே ஏறத்தாழ 7½ மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றினை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். வெயிலால் எஃகு நீளுமாதலின் சங்கிலியைக் கூடாரத்தின் நிழலில் வைத்து அளந்தனர். அக்கோட்டின் மேல் எழுந்த முக்கோணங்களின் தொடர்ச்சியே பிற்காலத்து இமயச் சிகரங்களின் உயரத்தினை அறிவித்தது. இமயம் அளந்த கோல் முதலில் ஊன்றப்பட்ட இடம் நம் ஊருக்கு வடக்கே சில மைல் தொலைவிலேயே உள்ளது என்பதனை நம்மூர்ப் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்வளவைகளின் வழிவந்தனவே, ஒரு மைலை ஓர் அங்குலத்தில் அடக்கிய தலப்படங்கள். அவ்வரிசையில் நாவலூர் அமையும் தாள் 66 டி 1 என்னும் எண்ணுடையது. திருப்போரூரும் மாமல்லபுரமும் அதன் கீழுள்ள 66 டி 2இல் அமைகின்றன.

தலப்படத்தைக் கையிலெடுத்தவர் முதற்கண் நோக்கற்பாலது அதன் ஓரத்தில் அச்சிட்ட அளவை ஆண்டு. அச்சிட்ட ஆண்டும் அளந்த ஆண்டும் வேறாதல் உண்டு. அடுத்து நிறம். பல வண்ணத்தில் அச்சிட்ட படங்களில் நீலம் நீர், மஞ்சள் விளைநிலம், பச்சை காடு, செந்நிறம் சாலையும் குடியிருப்பும், பழுப்பு நிறக் கோடுகள் நிலத்தின் உயரம். கோயிலுக்கெனத் தனிக் குறி ஒன்று உண்டு. ஏரிக்கரைகள் கோடிட்டுக் காட்டப்பெறும். கரையருகே எண்ணும், அதனோடு ஆங்கிலச் சிற்றெழுத்து ஒன்றும் இருப்பின், அது சூழ்ந்த நிலத்தினின்று அக்கரை உயர்ந்திருக்கும் அளவைக் குறிப்பது. இவற்றை அறிந்த பின், ஏரியின் கரை எத்திசையில் உள்ளது என்று பாருங்கள். கரை இருக்கும் பக்கம் தாழ்வு. கரையில்லாத பக்கம் நீர் வரும் மேடு. இவ்வொன்றினை அறிந்தாலே ஒரு நாட்டின் நீரோட்டம் கண்முன் விரியும்.

நம் பகுதியில் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே கழியை நோக்கித் தாழ்கின்றது. மேலேரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்த நீர் கீழேரிக்கும், சித்தேரி தாங்கல்களுக்கும் செல்லும். எஞ்சியது கழியிற் புகும். கழியை ஒட்டி ஓடும் கால்வாய், 1875 முதல் 1880 வரை சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரைத் தாங்கியது. வடக்கேயுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நீரும் ஒக்கியம் மடுவின் வழியே இக்கால்வாயிற் கலந்து, நம் ஊரின் கிழக்குப்புறமாகத் தெற்கே சென்று, கோவளத்துக் கழிமுகத்தில் கடலை அடைகின்றது. இன்று சாலையின் இருமருங்கும் வானளாவிய மாடங்கள் எழுந்துவிட்டமையால் இச்சரிவு கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆயினும் 2015ஆம் ஆண்டு திசம்பர்ப் பெருமழையில் நீர் தன் பழைய வழியை மறக்கவில்லை என்பதனை நாம் அனைவரும் கண்டோம்.

இங்கே அடியேன் செய்த பிழையொன்றனை மறையாது கூறுதல் கடமையாகும். ஆண்டு சில முன்னர், தொண்டை நாட்டுச் சிற்றூர் ஒன்றின் திருப்பணிக்கு அடியேனை ஆலோசனை கேட்டனர். நந்தவனத்தின் ஓரத்தில் வறண்ட பள்ளம் ஒன்று கிடந்தது. அதனைத் தூர்த்துக் கல்தளம் இட்டு ஒரு மண்டபம் எழுப்பலாமா என்றனர். திசை நோக்கினேன், சாத்திரத்திற்கு மாறில்லை எனக் கண்டு, ஆகலாம் என்றேன். மண்டபம் எழுந்தது. ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் பிராகாரத்தில் முழங்கால் அளவு நீர் நின்றது. திருக்குளத்திலோ கீழ்ப்படியும் நனையவில்லை. அவ்வூர் முதிய உழவர் ஒருவர் அடியேனை நோக்கி, “ஐயா, அது பள்ளம் இல்லீங்க, குளத்துக்கு வரத்துக்கால்” என்றார். அதன்பின் பழந்தலப்படம் ஒன்றைத் தேடிப் பெற்று, உருப்பெருக்குக் கண்ணாடி கொண்டு பார்த்தேன். ஏரியினின்று கோயிற்குறியை நோக்கி மெல்லிய கோடு ஒன்று வந்திருந்தது. அன்பர்கள் ஈந்த பொருளைக் கொண்டு கட்டியதனை, அன்பர்கள் ஈந்த பொருளைக் கொண்டே இடிக்க நேர்ந்தது. ஆகமங் கற்ற அடியேன் நீரின் வழியைக் கல்லாமற் போனேன். அவ்வுழவரை முன்னமே கேட்டிருப்பின் படமும் வேண்டியிருந்திராது.

ஆதலின், படத்தையே முற்றும் நம்புக என்று கூறுகின்றேன் அல்லேன். ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பிழைத்த இடங்கள் படத்தில் உண்டு. எழுந்தருளியுள்ள மூர்த்தி இன்னார் என்பதனை அக்குறி சொல்லாது. நிலம் யாருக்கு உரியது என்பதற்கும் அது சான்றாகாது. அதற்குரியன புலப்படமும் ‘அ’ பதிவேடும். படம் காட்டுவதனை முதியோர் வாய்மொழியோடும், கல்வெட்டோடும், காலால் நடந்து கண்டதனோடும் ஒத்துப் பார்த்தல் வேண்டும். இறைவன் இங்கு எழுந்தருளிய காரணத்தைத் தலபுராணம் சொல்லும். அவன் திருமஞ்சன நீர் வந்த வழியைத் தலப்படம் சொல்லும். ஒன்று பிறிதொன்றற்கு மாறு அன்று.

முற்காலத்து இப்படங்களைப் பெறுதல் அரிது. இந்திய நில அளவைத் துறை 2017 முதல் தன் பொதுப்பயன் படங்களை இணையத்தின் வழி விலையின்றி அளித்து வருகின்றது. அமெரிக்கப் படைத்துறை 1950களில் வெளியிடத் தொடங்கிய இந்தியப் படங்களை டெக்சாசு பல்கலைக்கழக நூலகம் யாவரும் காண வைத்துள்ளது. பழையதும் புதியதுமாக இரண்டினை அருகருகே வைத்தால், நின்றது எது, மறைந்தது எது என்பது தெளிவாகும். நம் இளைஞர்கள் இதனை ஒரு மாலைப் பொழுதிற் செய்து முடிப்பர்.

திருப்பணிச் செல்வர்களே! கோபுரத்திற்குப் பொருள் ஈந்தீர்கள். விண்ணப்பம் ஒன்று உண்டு. நம்மூர்ப் பழந்தலப்படத்தின் பெரும்படி ஒன்றினை இத்திருக்கோயில் மண்டபத்தில் வையுங்கள். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் ஒரு நாள், முதியோரும் இளைஞரும் கூடி, அப்படத்தைக் கையிற்கொண்டு ஏரி, தாங்கல், மதகு, கலங்கல், வரத்துக்கால் ஆகியவற்றை நடந்து பார்த்துக் குறித்து வையுங்கள். அடைபட்டது உளதேல் உரியவர்க்கு அறிவித்துத் திறக்கச் செய்யுங்கள். 12 ஆண்டு கழித்து மீண்டும் குடமுழுக்கு நிகழும்பொழுது அடியேன் இருப்பேனோ, அறியேன். ஆனால் அன்று யாகசாலைக் குடங்களை நிரப்ப நம் திருக்குளத்து நீரே வேண்டும். லாரியில் வந்த நீரால் அக்குடங்கள் நிரம்பும் நிலை நம் கண்முன் வாராதிருக்கட்டும்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் முன்னிற்க.

திருச்சிற்றம்பலம்