93 சதவீதம் பேர் சொன்னா அது சரியாயிடுமா?

இந்த வாரம் ஒரு பழைய சர்வேயைப் பத்திப் பேசலாம்.

2016 நவம்பர் 8, ராத்திரி. 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு அறிவிப்பு வந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு, ஏடிஎம் வாசல்ல ஜனங்க வரிசையில நின்னுட்டிருந்தப்ப, பிரதமர் தன்னோட மொபைல் ஆப்ல பத்து கேள்வி கேட்டார். ஒரே நாள்ல 5 லட்சம் பேருக்கு மேல பதில் சொன்னாங்க. 93 சதவீதம் பேர் ஆதரவுன்னு ரிசல்ட் வந்துச்சு.

5 லட்சம் பெரிய நம்பர்தானே? நான் ஆப் எழுதிச் சம்பாதிக்கிற ஆளு. ஆப்புக்குள்ள ஃபீட்பேக் கேட்டா, பிடிக்காம அன்இன்ஸ்டால் பண்ணவங்களோட பதில் வரவே வராது. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்தான். ஆனா பானையைக் கிளறாம மேலாக்க எடுத்தா, பத்து கரண்டி எடுத்தாலும் அடியில வெந்துச்சான்னு தெரியாது. ஸ்மார்ட்போன் இல்லாத தினக்கூலி அந்த 5 லட்சத்துல எங்க இருக்காரு?

அடுத்தது, கேள்வி. வீடு, உயர்கல்வி, மருத்துவம் எல்லாம் சாமானியனுக்கு எட்டுமான்னு ஒண்ணு கேட்டாங்க. இருந்த ஆப்ஷன் மூணு: முழுசா ஒத்துக்கறேன், ஓரளவு ஒத்துக்கறேன், சொல்லத் தெரியல. 'இல்லை'ங்கிற ஆப்ஷனே கிடையாது!

நிஜமாவே நாட்டுல பெரிய ஆதரவு இருந்திருக்கலாம். அப்படியே இருந்தாலும், திட்டம் பலிக்குமாங்கிறது வேற கேள்வி. கறுப்புப் பணத்துல ஒரு பெரிய பங்கு வங்கிக்குத் திரும்பாதுன்னு அப்போ பலர் எதிர்பார்த்தாங்க. 99.3 சதவீத நோட்டு திரும்பிடுச்சுன்னு 2018-ல ரிசர்வ் வங்கி சொல்லுச்சு. இதை எந்த சர்வேயும் முன்கூட்டியே சொல்லியிருக்க முடியாது.

அப்போ சர்வேயே வேஸ்ட்டா? இல்லை. அதே ரிசர்வ் வங்கி, சென்னை உட்பட பல நகரங்கள்ல வீடு வீடாப் போய், 'அடுத்த மூணு மாசத்துல, ஒரு வருஷத்துல விலைவாசி எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க?'ன்னு கேக்குது. மக்கள் சொல்ற நம்பர் பெரும்பாலும் அரசாங்கக் கணக்கை விட அதிகமாத்தான் இருக்கும். ஆனாலும் வட்டி விகிதம் முடிவு பண்றப்ப அதையும் பார்க்கறாங்க. ஏன்னா விலை ஏறும்னு நினைக்கிறவங்க முன்னாடியே வாங்குவாங்க, சம்பளம் கூடக் கேப்பாங்க. இங்க அந்த எண்ணமே ஒரு டேட்டா.

அடுத்த தடவை 'மக்களே சொல்லிட்டாங்க'ன்னு யாராவது ஒரு சதவீதத்தைக் காட்டினா, மூணு கேள்வி கேளுங்க. யார்கிட்ட கேட்டாங்க? எப்படிக் கேட்டாங்க? மக்களுக்குத் தெரிஞ்ச விஷயத்தைக் கேட்டாங்களா?

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!