உடனடி வெள்ளரி ஊறுகாய்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வேதியியல் படிச்சவங்க, வீட்டுக்கு உபயோகமா ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் கேட்டார். பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அதனால் வெள்ளரிக்காயோடு வந்திருக்கிறேன்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் கைப்பையில் பிரஷர் மாத்திரை இருக்கும். எங்கள் வீட்டுக்காரருக்கும் உண்டு. டாக்டர் முதலில் நிறுத்தச் சொன்னது ஊறுகாயைத்தான். தயிர் சாதத்தைத் தொட்டுக்க ஒன்றுமில்லாமல் சாப்பிடுவது எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது ஒரு தேக்கரண்டிகூட முழுசா இல்லை.

நம் மாங்காய், நார்த்தங்காய் ஊறுகாயில் உப்பைக் குறைக்க முடியாது. கெடாமல் காப்பதில் பெரும்பங்கு உப்புக்குத்தான். வாரக்கணக்கில் உப்புநீரில் புளிக்க வைக்கும் மேல்நாட்டு வெள்ளரி ஊறுகாயிலும் அப்படியே. ஆனால் உடனடி ஊறுகாயில் அந்த வேலையைச் செய்வது வினிகரும் குளிர்ப் பெட்டியும். உப்பு ருசிக்கு மட்டும். அதனால் நம் இஷ்டத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

இனி செய்முறை. கெட்டியான, விதை முற்றாத வெள்ளரிப் பிஞ்சு அரை கிலோ. இரண்டு நுனியையும் நறுக்கி எறியுங்கள். பூ இருந்த நுனியில் காயை மெத்தென்று ஆக்கிவிடும் நொதிகள் இருக்கின்றன. கசப்பு பெரும்பாலும் காம்புப் பக்கம். ஆகவே இரண்டுமே வேண்டாம். மீதியை வட்டமாக நறுக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது நம் பழைய சமன்பாடு. வி ஒன் என் ஒன் ஈக்வல் டு வி டூ என் டூ! பியூரெட்டும் பினாப்தலினும் ஞாபகம் வருகிறதா? வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் வினிகரும் தண்ணீரும் சரிக்குச் சரி என்று போட்டிருக்கும். அங்கே வினிகரில் அமிலம் 5 சதவீதம், கலந்தால் இரண்டரை. நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 4 சதவீதம். அதே இரண்டரை வர வேண்டுமானால் 250 மில்லி வினிகருக்கு 150 மில்லி தண்ணீர்தான். சீசாவின் லேபிளைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

இதோடு மட்டமாக இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்து எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்க விடுங்கள். அலுமினியம், பித்தளை வேண்டாம், அமிலம் அரித்துவிடும். வெந்நீரில் அலம்பிய ஒரு லிட்டர் கண்ணாடிச் சீசாவில் வெள்ளரியோடு கடுகு, மிளகு, நாலு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய் போட்டு, சூடாகவே ஊற்றுங்கள். அமெரிக்கர்கள் 'டில்' என்று கொண்டாடும் வாசனை வேண்டுமா? அது நம் நாட்டு மருந்துக் கடைச் சதகுப்பைதான். அரைத் தேக்கரண்டி போதும். காய் முழுவதும் நீரில் மூழ்கியிருக்கட்டும். ஆறியதும் குளிர்ப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் சாப்பிடலாம். நாலைந்து வில்லையில் உப்பு அரை கிராமுக்கும் குறைவாகத்தான் வரும். பூண்டு சில சமயம் நீலமாகவோ பச்சையாகவோ மாறும். பயப்படாதீர்கள், அமிலத்தால் வரும் நிறம், கெடுதல் இல்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இது அலமாரியில் வைக்கும் ஊறுகாய் அல்ல. இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பிஎச் 4.6-க்கு மேல் போனால், காற்றுப் புகாத சீசாவில் போட்யூலினம் கிருமி விஷம் உண்டாக்க முடியும். அதற்கு வாசனையோ நிறமோ காட்டிக்கொடுக்காது. ஆகவே வினிகரைக் குறைக்காதீர்கள். "பேரனுக்குப் பிடிக்கும்" என்று பெட்டியில் வைத்து விமானத்தில் அனுப்பாதீர்கள். செய்முறையை அனுப்புங்கள், போதும்.

கடைசியாக ஒரு செய்தி. 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் ஆரம்பித்து, தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் பரவியது கெர்கின் என்னும் குட்டி வெள்ளரி சாகுபடி. 2020-21-ல் இந்தியாவின் வெள்ளரி, கெர்கின் ஏற்றுமதி 20 கோடி டாலரைத் தாண்டியது. நம் சிறு விவசாயிகள் விளைவித்ததை ஊரெல்லாம் ருசிக்கிறது. நம் வீட்டு இலையில் மட்டும் ஏன் இல்லை?

அடுத்த சந்திப்பில் யார் வீட்டில் எப்படி வந்தது என்று கேட்பேன். மதிப்பெண் உண்டு!