உடற்கூறும் ஊர்ச்சொல்லும்



கல்முனைக் கரையோர ஊர்களின் வைத்தியசாலை எதிலேனும் ஒரு காலைப்பொழுது அமர்ந்திருப்போமாயின், "நெஞ்சுக்குள்ள நோகுது" என்னும் சொற்களைக் கேளாது எழுந்து வருதல் அரிது. சொல்பவரின் உள்ளங்கை மார்பின் நடுவே இருக்கலாம். விலா எலும்பின்மேல் இருக்கலாம். தொப்புளுக்குச் சற்று மேலேயும் இருக்கலாம். மூன்றிடமும் அவருக்கு நெஞ்சுதான். ஆனால் முதலாவது இருதய நோவாகவும், இரண்டாவது தசைப்பிடிப்பாகவும், மூன்றாவது இரைப்பையின் எரிவாகவும் இருக்கக்கூடும். வைத்தியர் வேற்றுமொழி பேசுபவராயின், இடையில் நின்று மொழிபெயர்ப்பவர் எந்த நெஞ்சைச் சொல்வார்? உடலின் பகுதிகளைச் சரியாகப் பெயரிட்டு அறிதல் மருத்துவ மாணவருக்கு மட்டும் உரிய கல்வி அன்று. நோயுறும் எவர்க்கும் உரிய கல்வி.

நம்மூர் மக்கள் உள்ளுறுப்புகளை அறியாதவர் அல்லர். ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யாவுக்காக அறுக்கப்படும் மாட்டின் ஈரலையும், சுவாசப்பையையும், சிறுநீரகத்தையும் சிறு பிள்ளையும் அடையாளம் காட்டும். எனினும், மாட்டைக் கொண்டு மனிதனை அறிவதில் ஒரு சிக்கல் உண்டு. மாட்டின் வயிறு நிலத்தை நோக்கியது. நமது வயிறோ முன்னோக்கியது. மாட்டுக்குக் கீழ்ப்புறமாவது நமக்கு முன்புறமாகிறது. மனிதனும் ஒரு நேரம் நிற்கிறான், ஒரு நேரம் படுக்கிறான்.

இந்தக் குழப்பம் நேராதிருக்க, உடற்கூற்று அறிஞர் ஒரு நிலையை வகுத்துக்கொண்டனர். நிமிர்ந்து நின்று, முகமும் பாதங்களும் முன்னோக்க, கைகளைப் பக்கத்தே தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்பக்கம் திருப்பிய நிலையே அது. நோயாளி எவ்வாறு கிடந்தாலும், மேல், கீழ், முன், பின் என்பன இந்நிலையைக் கொண்டே சொல்லப்படும். வலம், இடம் என்பனவும் நோயாளியின் வலமும் இடமுமேயன்றி, எதிரே நின்று பார்ப்பவருடையன அல்ல. ஈரல் வலப்பக்க விலா எலும்புகளின் மறைவில் உள்ளது; மண்ணீரல் இடப்பக்கத்தில் உள்ளது. சிறுநீரகங்கள் இரண்டும் முதுகுப்புறத்தில், முள்ளந்தண்டின் இருமருங்கும் உள்ளன. இருதயமோ முற்றிலும் இடப்பக்கத்தது அன்று. மார்பின் நடுவிலிருந்து இடப்புறம் சாய்ந்திருப்பது.

இனி, உடல் எதனால் ஆயது என்று பார்ப்போம். மருதமுனையின் கைத்தறியை அறிந்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. உடலின் மிகச் சிறிய உயிருள்ள அலகு கலம். ஒரு தொழிலுக்கென ஒன்றுசேர்ந்த கலங்களின் கூட்டம் இழையம். இழை என்பதிலிருந்து பிறந்த இச்சொல் பொருத்தமானதே. மேனாட்டார் வழங்கும் சொல்லும் நெய்தலை மூலமாகக் கொண்டதுதான். மேலணி இழையம், தொடுப்பிழையம், தசையிழையம், நரம்பிழையம் என அது நால்வகைப்படும். இழையங்கள் பல சேர்ந்தது அங்கம். அங்கங்கள் பல கூடித் தொழிற்படுவது தொகுதி. இரைப்பை ஓர் அங்கம். வாயிலிருந்து குதம் வரை செல்லும் உணவுப்பாதையும், அதற்குத் துணைசெய்யும் ஈரல் முதலியனவும் சேர்ந்தது சமிபாட்டுத் தொகுதி.

நம் பேச்சில் மிகுந்த பாரம் சுமக்கும் சொல் ஒன்று உண்டு, அது நரம்பு. புறங்கையில் நீலமாய்த் தெரிவதையும் நரம்பு என்கிறோம். குதிக்காலின் பின்னே கயிறுபோல் விறைத்து நிற்பதையும் நரம்பு என்கிறோம். முன்னது நாளம், பின்னது தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண். மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கொண்டு செல்வதே நரம்பு. இருதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்வது நாடி; இருதயத்திற்கு மீட்டுக் கொணர்வது நாளம். நம் பக்கத்தில் முகவாயையும் நாடி என்பதால், இங்கும் கவனம் வேண்டும்.

நல்ல குருதி ஓடுவது நாடி, கெட்ட குருதி ஓடுவது நாளம் என்று மனனஞ் செய்தவர் பலர். அது முழு உண்மையன்று. இருதயத்திலிருந்து சுவாசப்பைக்குச் செல்லும் நாடி, ஒட்சிசன் குறைந்த குருதியையே சுமக்கிறது. அந்த வழியை 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர், கெய்ரோவில் வைத்தியம் புரிந்த இப்னு அந்நபீஸ் ஆவார். இருதயத்தின் இடைச்சுவரில் குருதி புகும் துளை இல்லை. அது சுவாசப்பை வழியாகவே இடப்பக்கம் சேர்கிறது என்று, இப்னு சீனாவின் நூலுக்கு எழுதிய உரையில், பழைய ஆசிரியர்களை மறுத்துரைத்தார்.

இவற்றையெல்லாம் தமிழில் சொல்ல இயலுமா என்று ஐயுறுவார்க்கு விடை இத்தீவிலேயே உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1860களில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெருநூல் வெளிவந்தது. அங்காதிபாதம் என்ற சொல் இன்று வழக்கில் இல்லை. உடற்கூற்றியல், உடலமைப்பியல் என்கிறோம். நாம் நாடி, நாளம், இழையம், சதையி என்பனவற்றைத் தமிழகத்தார் தமனி, சிரை, திசு, கணையம் என்பர். பெயர் வேறு, பொருள் ஒன்றே. இரு கரை நூல்களையும் படிப்போர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

இறுதியாக, சொல்லப்படாத பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அடிவயிறு என்ற ஒரு சொல்லுக்குள் சலப்பை, கருப்பை, சூலகம், குடல்வளரி என எத்தனையோ மறைந்துள்ளன. நாணத்தினால் நம் தாய்மாரும் சகோதரிகளும் "வயிற்றுநோ" என்று மட்டும் சொல்லி, மருந்து பெற்று மீள்கின்றனர். மார்பகத்தில் கட்டி கண்டும் மாதக்கணக்காய் வாய்திறவாதார் உளர். மார்க்கத்தைக் கேட்டறிய வெட்கம் தடையாகாத அன்சாரிப் பெண்களை ஆயிஷா நாயகி (ரலி) பாராட்டியதை நாம் அறிவோம். உயிரைக் காக்கக் கேட்டறிவதில் நாணம் தடையாகலாமா?

ஆதலின், வைத்தியரிடம் செல்லும்போது நோவுள்ள இடத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுங்கள். முடியாதெனில் அது பரவிய எல்லையைக் காட்டுங்கள். எப்பக்கம், எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது என்று சொல்லுங்கள். மார்பின் நடுவே அழுத்தும் நோவு, இடக்கைக்கோ முகவாய்க்கோ பரவி வியர்வையும் கண்டால், பெயரைத் தேடிக்கொண்டிராது உடனே புறப்படுங்கள். மற்ற வேளைகளில், நம் உடலை நாமே பெயர் சொல்லி அழைக்கப் பழகுவோம்.